ஒர்க் பெர்மிட்டா, பி.ஆரா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். பி.ஆர். (பெர்மனென்ட் ரெசிடென்ஸ்) என்பதை நம்மில் பலர் ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று எழுதுகிறோம். அது குடியுரிமை இல்லை, வசிப்புரிமை. போகிற நாட்டின் பாஸ்போர்ட் கிடைக்காது. காலக்கெடு இல்லாமல் தங்கலாம், பிடித்த இடத்தில் வேலை பார்க்கலாம், வேலை இல்லாமலும் இருக்கலாம், அவ்வளவுதான். இந்தக் குழப்பத்தால்தான் ‘பி.ஆர். வந்தாச்சு, இனி எத்தனை வருஷம் வெளியே இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று இருந்துவிட்டு, திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒர்க் பெர்மிட்டில், அதாவது குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க அந்நாடு தரும் அனுமதியில், நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம், அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது. கனடா பெர்மிட்டை எடுத்துக்கொண்டால், உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் மேலே இருக்கும், கீழே நிபந்தனைகள் என்று ஒரு பகுதி வரும். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சாகி, அதைத் தவிர வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்றிருந்தால் அது மூடிய பெர்மிட். உங்கள் வேலையும் நீங்கள் அந்த நாட்டில் இருப்பதும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். நிறுவனத்தின் பெயர் இல்லாத ஓப்பன் பெர்மிட்டும் உண்டு, கிடைத்தால் அதுதான் நல்லது.

வேலை போனால் என்ன ஆகும்? ஆஃபர் லெட்டர் வந்த சந்தோஷத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாக்காரர்கள் அதன் பிறகு தங்க அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனிலும் பொதுவாக 60 நாள்தான். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இதை 60 நாளிலிருந்து 180 நாளாக உயர்த்தியது. 60 நாள் என்றால் கேட்க இரண்டு மாதம், நடைமுறையில் முதல் வாரம் அதிர்ச்சியிலேயே போய்விடும், அடுத்த மூன்று வாரம் நேர்காணலுக்கு அழைப்பு வருமா என்று காத்திருப்பதில் போகும், பிறகு நான்கு சுற்று நேர்காணல், அதற்கு அப்புறம் அந்தப் புது நிறுவனம் ஸ்பான்சர் செய்ய ஒப்புக்கொண்டு கெடுவுக்குள் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் நடுவில் தொங்கும். சேமிப்பில் ஆறு மாதச் செலவு இல்லாமல் மூடிய பெர்மிட்டில் குடும்பத்தோடு கிளம்புவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அதற்காக பெர்மிட் வேண்டாம் என்று சொல்லவில்லை. பலருக்கு அதுதான் ஒரே வழி. இரண்டையும் நல்லது கெட்டது என்று ஒப்பிடுவதைவிட, இந்த பெர்மிட்டில் நான் கழிக்கும் வருஷங்கள் பி.ஆர். கணக்கில் சேருமா என்று கேளுங்கள். இங்கேதான் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஜெர்மனியில் ப்ளூ கார்டில் (பட்டதாரிகள் போன்ற திறன் பணியாளர்களுக்கான வேலை அனுமதி) 27 மாதம் இருந்தால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலைத் தேர்ச்சி இருந்தால் 21 மாதமே போதும். பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருக்கும் காலம் கணக்கில் சேரும், படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா காலம் பி.ஆருக்குத் தேவையான 5 ஆண்டுக் கணக்கில் சேராது. அந்த 5 ஆண்டையே 10 ஆக்கும் திட்டத்தை 2025 மே மாதம் அங்குள்ள அரசு வெளியிட்டது, அதனால் விமானம் ஏறும்போது இருந்த விதி கடைசிவரை அப்படியே இருக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். அமெரிக்காவில் ஹெச்-1பியில் எத்தனை வருஷம் இருந்தாலும் அது தானாக கிரீன் கார்டு, அதாவது அந்நாட்டு பி.ஆர்., ஆகாது. பெரும்பாலும் முதலாளி விண்ணப்பிக்க வேண்டும், அதன் பிறகும் பிறந்த நாட்டைப் பொறுத்து வரிசை. வளைகுடா நாடுகளில் சாதாரண வேலை விசா எத்தனை முறை புதுப்பித்தாலும் வேலை விசாதான்.

இன்னொன்று வயது. புள்ளி பார்த்து பி.ஆருக்கு ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் 20 முதல் 29 வயது வரை முழுப் புள்ளி, 30க்கு மேல் வருஷா வருஷம் குறைந்து 45ல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவின் புள்ளி அடிப்படையிலான விசாவுக்கு 45 வயதுக்குள் அழைப்பு வந்திருக்க வேண்டும். ஆகவே முப்பதைத் தாண்டிவிட்டு, நேரடி பி.ஆருக்குத் தகுதியும் இருந்தால், கையில் வேலை இருந்தாலும் பி.ஆர். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். வேலைக் கடிதம் வாங்கித் தந்தால் கனடாவுக்குப் புள்ளி ஏறும் என்று ஏஜென்ட் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் புள்ளிகளை 2025 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால்: வருஷங்கள் கணக்கில் சேரும் பெர்மிட் என்றால் தைரியமாகப் போகலாம். சேராது என்றால் சம்பாதிக்க மட்டும் போகிறோம் என்று தெரிந்து, திரும்பும் வருஷத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் ஹெச்.ஆரிடம் மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் கேளுங்கள்: பி.ஆர். விண்ணப்பத்துக்கு நிறுவனம் ஆதரவு தருமா, தந்தால் எத்தனை மாதத்தில் தொடங்கும், செலவு யாருடையது. போனில் ‘பார்த்துக்கலாம்’ என்று சொன்னது நாளைக்கு நிற்காது. துணைவருக்கு அங்கே வேலை பார்க்க அனுமதி உண்டா என்பதையும் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே பாருங்கள்.

சரி, பி.ஆர். கிடைத்துவிட்டது. அதைக் காப்பாற்றவும் வேண்டும். கனடாவில் 5 வருஷத்தில் 730 நாளாவது உள்ளே இருக்க வேண்டும். போய்ப் பதிவு செய்துவிட்டு உடனே திரும்பி மூன்று வருஷம் வெளியே இருந்தவர், மிச்சம் இரண்டு வருஷமும் அநேகமாக ஒரு நாள்கூட நகராமல் அங்கேயே இருந்தாக வேண்டும். பிரிட்டனில் தொடர்ந்து 2 வருஷத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக உரிமை போய்விடும். சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக பி.ஆர். பெறும் மகனுக்குத் தேசிய சேவைக் கடமை, அதாவது ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணி, வரும். மகன் உள்ளவர்கள் இதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசிவிட்டு விண்ணப்பியுங்கள்.

முதல் நாளிலிருந்தே ஒரு எக்செல் தாளில் வெளியே போன தேதி, திரும்பிய தேதி இரண்டையும் எழுதி வாருங்கள், போர்டிங் பாஸைப் படம் எடுத்து வையுங்கள். பிரிட்டனில் பி.ஆருக்கு முந்தைய காலத்தில் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஒரு 100 நாள், ஒரு வாரம் வந்து தலைகாட்டிவிட்டு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இன்னொரு 100 நாள் என்று வெளியே இருந்தவருக்கு, காலண்டர் வருஷப்படி பார்த்தால் ஒவ்வொன்றிலும் 100 போலத்தான் தெரியும். ஆனால் செப்டம்பரிலிருந்து எண்ணும் அதிகாரிக்கு அது 200.