கூரை மாற்றப் போகிறீர்களா? டம்ப்ஸ்டர் எடுக்கும்முன் எடைக் கணக்கைப் பாருங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ பழைய வீடாகப் பார்த்து வாங்கியவர்களுக்குச் சீக்கிரமே கூரைச் செலவு வந்து நிற்கும். மொட்டை மாடி வீட்டில் வளர்ந்த நமக்கு, கூரையை முழுசாகப் பிய்த்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்பதே விசித்திரமாகப் படும். இங்கே பெரும்பாலான வீடுகளுக்குப் பலகை மேல் ஆணியடித்த தார் ஷிங்கிள், அதாவது தார் பூசிய தட்டையான துண்டுகள்தான் கூரை. பிய்த்த ஷிங்கிளை வாராந்திரக் குப்பை வண்டியில் போட முடியாது. அதற்கென்று பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுக்க வேண்டும். அமெரிக்காவில் அது டம்ப்ஸ்டர். கனடாவில் பலர் 'பின்' (bin) என்றே சொல்வார்கள்.

தொட்டிக்குப் போன் செய்யும் முன் கூரை கான்ட்ராக்டர் தந்த கொட்டேஷனை எடுத்துப் படியுங்கள். பழைய கூரையைப் பிய்ப்பதும் குப்பையை அகற்றுவதும் அதிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல கான்ட்ராக்டர்கள் தாங்களே தொட்டியோ டிரெய்லரோ கொண்டுவந்துவிடுவார்கள். அப்படியென்றால் உங்களுக்கு வேலை மிச்சம். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே எடுப்பதாக இருந்தால் முதலில் குழப்புவது யார்டு என்ற சொல். 10 யார்டு, 20 யார்டு என்பது நீளம் இல்லை, கன யார்டு. ஒரு கன யார்டு 27 கன அடி. பெரியதாக ஒன்று எடுத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். வீடு காலி செய்யும் சாமான்களுக்கு அது சரி. ஷிங்கிள் விஷயத்தில் தொட்டி நிரம்பும் முன்பே எடை வரம்பு தாண்டிவிடும்.

கணக்கு இப்படி: கூரைக்காரர்கள் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்பார்கள். சாதாரண ஷிங்கிள் ஒரு ஸ்கொயருக்கு 200 முதல் 250 பவுண்டு வரை வரும். கனமான வகை என்றால் இன்னும் அதிகம். 20 ஸ்கொயர் கூரையை 250 பவுண்டு வைத்துப் பெருக்கினால் 5,000 பவுண்டு. அமெரிக்க டன் 2,000 பவுண்டு என்பதால் அது இரண்டரை டன். பழைய கூரையின் மேலேயே இன்னொரு கூரை போட்டிருந்தால், அதாவது இரண்டு அடுக்கு இருந்தால், ஐந்து டன். கனடாவில் பெரும்பாலும் 1,000 கிலோ மெட்ரிக் டன்னில் பேசுவார்கள், அதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அடியில் இருக்கும் ஃபெல்ட் தாள், உளுத்துப்போன பலகை எல்லாம் சேரும்.

ஸ்கொயர் எண்ணிக்கையில் நம் ஆட்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வீடு வாங்கும்போது சொன்ன சதுர அடியை அப்படியே கூரை அளவாக எடுத்துக்கொள்வார்கள். மாடி வீட்டில் இரண்டு தளத்துக்கும் கூரை ஒன்றுதான். கராஜ் மேலே இருக்கும் கூரையோ அந்தச் சதுர அடியில் பெரும்பாலும் வராது. சரிவும் பரப்பைக் கூட்டும்: 12 அங்குலத்துக்கு 6 அங்குலம் ஏறும் சரிவில் தரை அளவை விடச் சுமார் 12 சதவீதம் அதிகம், 12-க்கு 12 ஏறினால் 41 சதவீதம் அதிகம். நீங்கள் மேலே ஏறி அளக்க வேண்டாம், கொட்டேஷனில் ஸ்கொயர் கணக்கு இருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள்.

போன் செய்யும்போது "கூரை வேலைக்கு, ஷிங்கிள் மட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாடகையில் எத்தனை டன் அடக்கம், மிஞ்சினால் டன்னுக்கு எவ்வளவு, எத்தனை நாள் வைக்கலாம் என்று கேளுங்கள். எடையைக் குப்பைக் கிடங்கின் எடைமேடையில்தான் பார்ப்பார்கள், பில் அப்புறம் வரும். அதனால்தான் சொல்கிறேன், போனில் கேட்கும் முதல் விலையை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஷிங்கிளை மட்டும் தனியாகப் போட்டால் சாலைக்குத் தார் போட மறுசுழற்சிக்கு எடுக்கும் இடங்களும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

தொட்டியை உங்கள் டிரைவ்வேயில் வைத்தால் பெரும்பாலும் அனுமதி தேவைப்படாது. தெருவில் வைத்தால் நகராட்சி பெர்மிட் வேண்டியிருக்கும். குடியிருப்புச் சங்கம் இருந்தால் அவர்களிடமும் கேட்டுவிடுங்கள். தொட்டியின் இரும்பு உருளைகள் தளத்தைக் கீறும், வெயில் காலத்தில் தார் டிரைவ்வே அமுங்கிக் குழியாகும். வண்டி வரும் முன் பலகைகளைப் போட்டு வையுங்கள். தொட்டியை இறக்கும்போது லாரியில் அதைத் தாங்கும் தளம் சாய்ந்து நன்றாக உயரும், மேலே மின்கம்பியோ மரக்கிளையோ இருக்கக் கூடாது. காரையும் எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை கார் உள்ளேயே நின்றது, சாவி வேலைக்குப் போனவரிடம். லாரி திரும்பிப் போய்விட்டது, வந்து போனதற்கும் பணம் கட்டினோம்.

நிரப்பும்போது விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓட்டுநர் தூக்க மாட்டேன் என்று சொல்லலாம். பெயின்ட், பேட்டரி, டயர், கேஸ் சிலிண்டர், பழைய ஃபிரிட்ஜ் இவற்றைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். 1980-க்கு முன் கட்டிய வீடாக இருந்தால், பிய்க்கத் தொடங்கும் முன்பே கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அதைச் சாதாரணத் தொட்டியில் போட முடியாது.

இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழையில் நனைந்தால் அந்தத் தண்ணீரின் எடைக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். திறந்து கிடக்கும் தொட்டியில் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது பழைய மெத்தையைப் போட்டுவிட்டுப் போவதும் நடக்கும்.

தொட்டியை எடுத்துப் போகும் முன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, டிரைவ்வே எப்படி இருக்கிறது என்று இரண்டு படம் எடுத்து வையுங்கள். போன பிறகு, காந்தம் வைத்துப் புல்லையும் டிரைவ்வேயையும் ஒரு தடவை தேய்க்கச் சொல்லி கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். பிய்த்த ஆணிகள் அதற்குள் எங்கெங்கோ சிதறியிருக்கும், கார் டயர் அதைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.