மதுரைப் பக்கம் பழைய கீபோர்டு, சிந்த் வாங்குறதும் விக்கிறதும்

மொத மொத நான் ஏமாந்த கதைய சொல்லிர்றேன், அப்பத்தான் ஏன் இவ்ளோ நீட்டி முழக்குறேன்னு புரியும். திருமங்கலத்துல ஒருத்தர் கீபோர்டு விக்கிறார்னு ஆன்லைன்ல பாத்தேன், 49 கீ, திருகுற நாப்பு எட்டு, கருப்பா பளபளன்னு இருந்துச்சு, 4000 சொன்னாரு, 3500க்கு பேசி முடிச்சு கக்கத்துல இடுக்கிக்கிட்டு பஸ் ஏறி பெரியார் பஸ்ஸ்டாண்டு வந்து எறங்குனேன். வீட்ல வந்து ஸ்பீக்கர் ஒயர எங்கிட்டு சொருகுறதுன்னு திருப்பித் திருப்பிப் பாக்குறேன், யூஎஸ்பி ஓட்டை ஒண்ணத் தவிர வேற ஓட்டையே இல்ல. அது மிடி கண்ட்ரோலர். அதுக்குள்ள சத்தமே கிடையாது, கம்ப்யூட்டருக்கோ போனுக்கோ சொருகுனாத்தான் பேசும். வித்தவரும் ஏமாத்தல பாவம், அவரு மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்து குடுத்தது, அவரும் அத கீபோர்டுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்துருக்காரு.

அதனால மொதல்ல இத தெரிஞ்சுக்கங்க. கிளாஸுக்குப் போற புள்ளைங்க வச்சிருக்கிறதெல்லாம் பெரும்பாலும் அரேஞ்சர் வகை, ரிதம் தானா ஓடும், இடது கைல கார்டு (ரெண்டு மூணு கீய சேத்து அமுக்குறது) புடிச்சா பேஸு கிடாரெல்லாம் கூடவே வரும், ஸ்பீக்கர் உள்ளயே இருக்கும். சிந்தசைசர்னா, சுருக்கமா சிந்த், சத்தத்தையே நம்ம உக்காந்து செய்யிறது, நெறைய சிந்த்ல ஸ்பீக்கரே இருக்காது. நம்மூரு மேடைல அதிகமா பாக்குற ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10ல கூட ஸ்பீக்கர் கிடையாது, ஆனா தபேலா சித்தார்னு இந்திய டோன் இருக்கறதால அதுக்கு இங்க எப்பவும் ஆள் உண்டு. மூணாவதுதான் நான் வாங்குன கண்ட்ரோலர். கடைசில அதுவே எனக்கு ரொம்ப நாள் ஒழைச்சுச்சு, அது வேற விஷயம்.

காசு போடுறதுக்கு முன்னாடி ஒரு மாசம் சும்மா கெடைக்கிறத வச்சு நோண்டுங்க. சர்ஜ் எக்ஸ்டி (Surge XT), டெக்ஸ்ட் (Dexed) ரெண்டும் கம்ப்யூட்டர்ல ஓடுற சிந்த் சாப்ட்வேர், இலவசம், வைட்டலுக்கும் (Vital) இலவச பதிப்பு இருக்கு. டெக்ஸ்டுங்கிறது யமஹா டிஎக்ஸ்7ஓட நகல், 1983ல வந்த மெஷினு, எண்பதுகள் பாட்டுல கேட்ட அந்த கண்ணாடி மாதிரி மணிச்சத்தம் எலக்ட்ரிக் பியானோவெல்லாம் அந்த எஃப்எம் வகைதான் (ரேடியோ இல்ல, ஒரு அலைய வச்சு இன்னொரு அலைய ஆட்டி சத்தம் செய்யிற முறை). டிஎக்ஸ்7 டோன் பைலு நெட்ல ஆயிரக்கணக்குல கெடக்கு, அப்படியே டெக்ஸ்ட்ல ஏத்திக்கலாம். நெசமான டிஎக்ஸ்7 வேணும்னு அலையிற ஆளுங்க மொதல்ல இத ஒரு மாசம் வாசிச்சுப் பாத்துட்டு அப்புறமேட்டு அலையிங்க, பாதிப் பேருக்கு ஆசை அங்கயே தீந்துரும்.

நோண்டும்போது மூணே சமாச்சாரம் புரிஞ்சா போதும். நாதஸ்வரத்துலயும் வீணைலயும் ஒரே சட்ஜமம் வாசிச்சாலும் எது எதுன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லிருவோம்ல, அந்த அடிப்படைக் குரல குடுக்கறது ஆசிலேட்டர். அந்தக் குரல் மேல போர்வையப் போட்டு மூடுனா எப்படி மங்கும், அந்த வேலைய செய்யிறது பில்டர். வீணைய மீட்டுனா டக்குனு வந்து பையப் பைய தேயும், நாதஸ்வரம் மூச்சு இருக்கிற வரைக்கும் நிக்கும், இந்த வர்றது நிக்கிறது தேயிறத கட்டுப்படுத்துறது என்வலப். இத மூணையும் திருகத் தெரிஞ்சா எந்தக் கம்பெனி சிந்த குடுத்தாலும் அரைமணி நேரத்துல புடிபட்ரும். அப்புறம் நம்ம ஆளுங்களுக்கு முக்கியமா கிளைடு (ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போறது), பிட்ச் பெண்ட் வீலு (சுருதிய மேல கீழ வளைக்கிற சக்கரம்). கமகம் வேணும்னா இந்த ரெண்டுலதான் இருக்கு, நூறு டோன் இருக்குன்னு விளம்பரம் பண்றதுல இல்ல. வாங்கப் போற மெஷினுல பெண்ட் வீல் இருக்கான்னு பாருங்க, வெல கொறஞ்ச அரேஞ்சர் பலதுல இருக்காது.

சரி எங்க வாங்குறது. புதுசு வேணும்னா கடைல போயி வாங்கிருங்க, அதுல சொல்ல ஒண்ணுமில்ல, வாரண்டி கார்டுல சீலு வாங்க மறக்காதீங்க. பழசுதான் வெளையாட்டு. நம்ம பக்கம் பழசு மூணு எடத்துல இருந்து வரும்: ஆர்கெஸ்ட்ராக்காரங்க, சர்ச்சுல வாசிக்கிறவங்க, அப்புறம் லீவு கிளாஸ் புள்ளைங்க. இந்த மூணாவது கூட்டத்த யாரும் கண்டுக்கறதில்ல. ஏப்ரல்ல பையன சம்மர் கிளாஸ்ல சேத்து கீபோர்டு வாங்கிக் குடுப்பாய்ங்க, ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்து பீஸு கட்டணும்னு வந்ததும் அது பீரோ மேல ஏறிரும், ஜூலைல விக்கிறதுக்கு வந்துரும். ரெண்டு மாசம் வாசிச்ச யமஹா பிஎஸ்ஆர், கேசியோ எல்லாம் அப்ப நல்ல வெலைக்கு சிக்கும். மத்தபடி பங்குனி சித்திரைல ஊர் ஊருக்கு திருவிழா கச்சேரி, மேடைக்காரங்க யாரும் மெஷின கையவிட மாட்டாய்ங்க. டிசம்பருக்கு முன்னாடி சர்ச்சுக்காரங்க வாங்குவாய்ங்க, அப்ப நீங்க வாங்கப் போகாதீங்க, விக்கப் போங்க.

ஆர்கெஸ்ட்ரா மெஷின பத்தி ஒரு வார்த்தை. அது உழைச்ச மாடு. மேலூர் பக்கம் ஒரு அண்ணன்கிட்ட வாங்குனத கழட்டிப் பாத்தப்ப கீக்கு அடில விபூதி, அரிசி, ஒரு ஒத்த ரூபா காசு, செத்த பூச்சி அம்புட்டும் இருந்துச்சு. ஆனா அவரு அத புள்ளை மாதிரி வச்சிருந்தாரு, ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒறை போட்டு தூக்கிட்டுப் போயிருக்காரு, உள்ள சர்க்யூட்டு புதுசு மாதிரி. அதுக்கு நேர்மாறா சும்மா வீட்ல ஏழு வருசம் கெடந்ததுன்னு சொல்ற மெஷினத்தான் நான் ரொம்ப சந்தேகப்படுவேன், மொட்டமாடி ரூம்ல தகரத்துக்கு அடில மதுரை வெயில்ல கெடந்துச்சுன்னா ரப்பர் எல்லாம் போயிரும்.

பாக்கப் போகும்போது சொந்த ஹெட்போன், பெரிய ஜாக்குக்கு மாத்துற கன்வெர்ட்டர் பின்னு, ஒரு டார்ச்சு, முடிஞ்சா ஒரு சஸ்டெய்ன் பெடல் (காலால அமுக்குனா சத்தத்த இழுத்து நிறுத்துறது) எடுத்துட்டுப் போங்க. மெஷின அவங்களயே ஆன் பண்ணச் சொல்லுங்க. ஆன் பண்ணி அரைமணி நேரமாவது ஓடவிடுங்க, சூடானப்புறம் காட்டுற நோய் நெறைய இருக்கு, அதுவரைக்கும் டீ குடிச்சுக்கிட்டு அண்ணன்கிட்ட ஏன் விக்கிறீங்கன்னு பேசிட்டு இருங்க, அந்தப் பேச்சுலயே பாதி தெரிஞ்சுரும். அப்புறம் ஒவ்வொரு கீயும், ஆமா 61 கீ இருந்தா அறுவத்தொண்ணும்தான், ஒருக்கா பைய ஒருக்கா அழுத்தி அமுக்குங்க. பைய அமுக்குனாலும் கத்துற கீ, அழுத்துனாத்தான் வர்ற கீ, ரெண்டுக்கும் காரணம் பெரும்பாலும் கீக்கு அடில இருக்கிற கார்பன் வச்ச ரப்பர் பட்டைல தூசி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு தொடச்சா முக்கால்வாசி சரியாயிரும், ஆனா அத வித்தவர்கிட்ட சொல்லாதீங்க, அதுக்கு வெலைய கொறைங்க. வால்யூம் திருகும்போது கரகரன்னா அதுக்கு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருக்கு, அதுவும் பெரிய வியாதி இல்ல. ஆனா ஜாக் ஆடுறது, டிஸ்பிளேல கோடு விழுறது, இடது வலதுன்னு சத்தம் வெளிய வர்ற ரெண்டு அவுட்டுல ஒரு பக்கம் வராதது, இதெல்லாம் மெக்கானிக் பெஞ்சுக்குப் போற வேலை. ரெண்டு அவுட்டையும் தனித்தனியா கேட்டுப் பாருங்க.

சுருதி சேரலன்னு பதறாதீங்க, முக்கால்வாசி நேரம் யாரோ ட்ரான்ஸ்போஸ (மொத்த சுருதியையும் மேல கீழ நகத்துற பட்டன்) மாத்தி வச்சிருப்பாய்ங்க. பெடல் தலைகீழா வேலை செஞ்சா, அதாவது காலை எடுத்தா இழுக்குது வச்சா நிக்குதுன்னா, பெடல்ல இருந்து காலை எடுத்துட்டு மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க, நெறைய கீபோர்டு ஆன் ஆகும்போதுதான் பெடலு எப்படின்னு பாத்து வச்சுக்கும்.

பழைய பெரிய மெஷினுன்னா இன்னும் ரெண்டு மூணு இருக்கு. கோர்க் எம்1 1988ல வந்துச்சு, ரோலண்ட் எக்ஸ்பி-80 1996ல, இந்த மாதிரி மெஷினுல உள்ள ஒரு சின்ன வட்டப் பேட்டரி இருக்கும், சிஆர்2032, நம்ம செஞ்சு வச்ச டோன ஞாபகம் வச்சிருக்கறது அதுதான். அது தீந்துச்சுன்னா ஆன் பண்ணும்போது பேட்டரி லோன்னு வரும். பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி டோன் எல்லாத்தையும் மிடி ஒயர் வழியா கம்ப்யூட்டருக்கோ பிளாப்பிலயோ வெளிய எடுத்து வச்சுக்கங்க, கழட்டுன அடுத்த செகண்டு எல்லாம் காலி. எக்ஸ்பி-80ல பிளாப்பி டிரைவு, அது செத்துருந்தா பயப்படாதீங்க, பென்டிரைவ் போடுற கோடெக் (Gotek) டிரைவு வச்சு மாத்துறாய்ங்க. அப்புறம் 1991 ரோலண்ட் ஜேடி-800 மாதிரி சில மெஷினுல கீக்கு அடில வெயிட்டு ஒட்டுன செவப்புப் பசை உருகி ஒழுகும், கீ ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். நம்மூரு சூட்டுக்கு கேக்கவே வேணாம். டார்ச்ச அடிச்சு கீ இடுக்குல செவப்பா பிசுபிசுன்னு தெரியுதான்னு பாத்துட்டு, தெரிஞ்சா வணக்கம் சொல்லிட்டு வந்துருங்க, அத சுத்தம் பண்றது ஒரு மாச சோலி.

கரண்டு விஷயத்துலதான் நான் ஒரு மெஷினையே எரிச்சேன். அடாப்டர் இல்லாம வந்துச்சு, வீட்ல கெடந்த ஒண்ணு பின்னு சரியா பொருந்துச்சு, சொருகுனேன், லேசா ஒரு புகை, முடிஞ்சது சோலி. பின்னு பொருந்துறது முக்கியமில்ல. யமஹா பிஎஸ்ஆர் பெரும்பாலும் 12 வோல்ட்டு, நடுவுல ப்ளஸ். பழைய கேசியோ 9 வோல்ட்டு, நடுவுல மைனஸ். மாத்தி சொருகுனா என்ன ஆகும்னு என்கிட்ட கேளுங்க. மெஷினு பின்னாடி சின்னதா ஒரு வட்டப் படம் போட்டுருக்கும், அதுல நடுப்புள்ளிக்கு போற கோடு ப்ளஸா மைனஸான்னு பாருங்க. வோல்ட்டு அச்சா அதே இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், கொறையக் கூடாது. வெளிநாட்டுல இருந்து வந்த மெஷினுன்னா லேபிள கட்டாயம் படிங்க. சிங்கப்பூர், துபாய் சரக்குன்னா நம்ம வோல்ட்டுதான், ஜப்பான் உள்ளூர் சரக்கு 100, அமெரிக்கா 120. சவுதில முன்னாடி 127 ஓடுச்சு, அங்கிருந்து மாமா கொண்டாந்த பழைய மெஷின நேரா சுவத்துல சொருகிறாதீங்க, ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்பார்மர் வேணும். வீட்ல லேப்டாப்பும் சிந்தும் சேத்தா ஊஊன்னு இரைஞ்சா ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகிப் பாருங்க, அப்பவும் இரைஞ்சா லேப்டாப் சார்ஜர கழட்டிப் பாருங்க. எர்த்து பின்ன ஒடைச்சு விட்டா சத்தம் போயிரும்னு ஒருத்தர் யோசனை சொல்லுவாரு, சத்தத்தோட சேந்து நம்மளும் போயிருவோம்.

இப்ப விக்கிறது. இங்க முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கணும், நமக்குப் புடிச்சது வேற, ஊர்ல வெலபோறது வேற. நான் ஒரு கோர்க் வோல்கா கீஸ் வச்சிருந்தேன், 2013ல வந்த குட்டி அனலாக் மெஷினு, ஆறு பேட்டரி போட்டா ஓடும், மூணு சுரம்தான் ஒரே நேரத்துல பேசும், எனக்கு உசுரு. அத மதுரைல விக்கப் போட்டா வர்ற போனெல்லாம் தம்பி இதுல தபேலா ரிதம் இருக்கா, சவுண்டு வருமா, புள்ளைக்கு வாங்கலாமான்னுதான். மூணு மாசம் ஆச்சு. கடைசில பெங்களூர்ல ஒருத்தருக்கு ஒரே நாள்ல போச்சு. அதனால இந்த மாதிரி சமாச்சாரம் வாங்கும்போதே சென்னை பெங்களூர் ஆளுக்குத்தான் விக்கப் போறோம்னு நெனச்சுக்கிட்டு, பெட்டி தெர்மாகோல் பில்லு எதையும் தூக்கிப் போடாதீங்க. அம்மா எடைக்குப் போட்டுருவாங்க, மொதல்லயே சொல்லி வைங்க. அரேஞ்சர், எக்ஸ்பிஎஸ் மாதிரின்னா உள்ளூர்லயே போயிரும், கோரிப்பாளையத்துல இருந்து உசிலம்பட்டி வரைக்கும் ஆள் வரும்.

போட்டோ காலைல வெளிச்சத்துல எடுங்க, பின்பக்கம் லேபிளு, அடாப்டரு எல்லாம் தெரியணும். எல்லாக் கீயும் வரிசையா வாசிச்சு ஒரு வீடியோ போட்டுட்டா வெட்டி போன் பாதி கொறையும். கீறல் இருந்தா அத தனியா போட்டோ எடுத்துப் போடுங்க, வந்து பாத்துட்டு அதச் சொல்லி ரெண்டாயிரம் கொறைக்கிற வேலை இருக்காது.

மிலிட்டரில இருக்கேன், நேர்ல வர முடியாது, பணம் இப்பவே அனுப்புறேன், இந்த கியூஆர ஸ்கேன் பண்ணுங்கன்னு ஒருத்தன் வருவான். பணம் வாங்குறதுக்கு ஸ்கேனும் வேணாம் பின் நம்பரும் வேணாம். போன வச்சுருங்க.

வெளியூருக்கு அனுப்பும்போது நாப்பு இருக்கிற பக்கத்துல தெர்மாகோல வெட்டி அது மேல அழுந்தாத மாதிரி வைங்க, ஸ்லைடர் எல்லாம் கீழ இறக்கி டேப்பு ஒட்டுங்க, அது உடைஞ்சா பார்ட்ஸுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டு வரைக்கும் அலையணும், அங்கயும் கெடைச்சாத்தான் உண்டு. அடாப்டர தனியா சுருட்டி பெட்டிக்குள்ள ஒட்டிருங்க, கீ மேல உருளவிடாதீங்க. எந்தப் பின்னு நடுவுல ப்ளஸ்ஸுன்னு அடாப்டர்லயே மார்க்கர்ல எழுதி அனுப்புவேன் நான், பெங்களூர்க்காரரு அத போட்டோ எடுத்து எனக்கே திருப்பி அனுப்பி, எத்தன மெஷின் எரிச்சீங்க ப்ரோன்னு கேட்டாரு.