செரோக்கி கடிதங்களைப் படிக்கப் போகிறீர்களா? நான் வழுக்கிய இடங்கள்

போன மாதம் ஒரு மாணவர், அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கியர் பற்றிய தன் கட்டுரையை அனுப்பியிருந்தார். இரண்டாம் பத்தியிலேயே ஒரு வரி: "1835-இல் செரோக்கியர்கள் நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்தார்கள்." படித்ததும் சுருக்கென்றது. இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான்.

கையெழுத்து புரியாதது, தேதியை மாற்றிப் படிப்பது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'தூதுக்குழு' என்றதும் நம்பிவிடுவது

எனக்குக் கிடைத்தது 1835 தொடக்கத்தில் வாஷிங்டனிலிருந்து எழுதிய கடிதம். மேலே 'செரோக்கி தூதுக்குழு' என்று குறிப்பு. நிலத்தை விற்றுவிட்டு மேற்கே போவதே நல்லது என்ற தொனி. செரோக்கியர்கள் மெல்ல மனம் மாறினார்கள் என்று முப்பது பக்கம் எழுதித் தள்ளினேன். நான்கு மாத உழைப்பு.

அப்புறம்தான் தெரிந்தது, அப்போது வாஷிங்டனில் இருந்தவை இரண்டு குழுக்கள். ஒன்று, முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் தலைமையில் போனது. மற்றது, நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்ற ஜான் ரிட்ஜுடையது. நான் படித்தது ரிட்ஜ் பக்கத்துக் கடிதம். அவர்கள் கொண்டுவந்த ஒப்பந்த வரைவை அந்த அக்டோபரில் ரெட் க்ளே கூட்டத்தில் மக்கள் நிராகரித்துவிட்டார்கள்.

டிசம்பர் 29 அன்று ஜார்ஜியாவின் நியூ எக்கோட்டாவில் நில ஒப்பந்தம் கையெழுத்தானபோது வந்திருந்தவர்கள் சில நூறு பேர்தான். ராஸ் கையெழுத்திடவில்லை. விலை 50 லட்சம் டாலர். மறு வருடம் செனட்டில் அது தேறியது ஒரே ஒரு வாக்கில். எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுக்கள் போயும் பலனில்லை. யாரோடு பேசினால் காரியம் நடக்குமோ அவர்களையே 'செரோக்கியர்' என்று எழுதிக்கொள்வது அரசுக்கு வசதி. அந்த வசதியை நாமும் நகலெடுப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

இதற்காக ரிட்ஜ் குடும்பத்தைத் துரோகிகள் என்று ஒரே வரியில் முடிப்பதும் அதே சோம்பல்தான். ஜார்ஜியா 1832-இலேயே செரோக்கி நிலங்களைக் குலுக்கல் முறையில் தன் குடிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இனி இங்கே வாழ முடியாது என்ற அச்சம் பொய்யல்ல. 1839 ஜூன் 22 அன்று மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ், எலியாஸ் பூடினோ மூவரும் அந்த ஒப்பந்தத்தை ஆதரித்ததற்காகக் கொல்லப்பட்டார்கள்.

1846-இல் வாஷிங்டனில் பேரம் பேசியவை மூன்று தரப்புகள். 1866-இல் மறுபடியும் இரண்டு. எந்தக் கடிதமானாலும் முதலில் கீழே இருக்கும் கையொப்பங்களைப் பாருங்கள். இவர்களை அனுப்பியது யார், எந்தக் கூட்டத்தின் தீர்மானம்? அது தெரியும்வரை 'செரோக்கியர்கள் சொன்னார்கள்' என்று எழுத வேண்டாம்.

ஒரே பெயர், வேறு ஆள்

1860களின் கடிதத்தில் 'பூடினோ' என்று வந்தால் அது மகன் எலியாஸ் கொர்னீலியஸ். 'செரோக்கி ஃபீனிக்ஸ்' செய்தித்தாளின் ஆசிரியரான அப்பா 1839-இலேயே போய்விட்டார். அப்பாவின் பெயரும் ஒரு நியூஜெர்சி பெரியவரிடமிருந்து எடுத்துக்கொண்டதே. பிறப்பால் அவர் வாட்டி. உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் படை நடத்திய ஸ்டாண்ட் வாட்டி அவருடைய சொந்தத் தம்பி. இந்த உறவு தெரியாமல் அந்தக் குடும்பக் கடிதங்களைத் தொடாதீர்கள்.

ரிட்டர்ன் என்பவர் ஒரு மனிதர்

ரிட்டர்ன் ஜோனதன் மெய்க்ஸ், 1801 முதல் 1823 வரை செரோக்கியர்களுக்கான அமெரிக்க அரசின் முகவர். 'முகவர் திரும்பினார்' என்று மொழிபெயர்க்காதீர்கள்.

இனிஷியல் போலத் தெரியும் எழுத்துகள்

ஓரத்தில் ஜி, டபிள்யூ, ஒய் மாதிரி மூன்று எழுத்துகள். அந்தப் பெயர்ச் சுருக்கத்துக்கு உரியவரை இரண்டு நாள் தேடினேன்! அது செக்வோயா என்ற செரோக்கியர் தம் மொழிக்காக 1821-இல் முடித்த அசையெழுத்து: த்ஸ, ல, கி. 'செரோக்கி' என்றுதான் எழுதியிருந்தது.

முகவரியில் 'செரோக்கி தேசம்'

அரசு செரோக்கியர்களை மேற்கே துரத்திய 1838 வெளியேற்றத்துக்கு முன்பா, பின்பா? முன்பென்றால் பெரும்பாலும் ஜார்ஜியா, டென்னசி பக்கம். பின்பென்றால் இன்றைய ஓக்லஹோமா.

அடிமைகளைப் பார்க்காமல் போவது

கிழக்கில் 1835-இல் எடுத்த கணக்கில் செரோக்கியர் 16,542, அவர்களிடம் இருந்த கறுப்பின அடிமைகள் 1,592. ராஸ், ரிட்ஜ், வாட்டி மூன்று வீடுகளிலும் அடிமைகள் இருந்தார்கள். விளைச்சல் நன்றாக வந்தது என்று ஒரு கடிதம் மகிழ்ந்தால், வயலில் இறங்கியது யார் என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.