கால்பந்து அணியை நம்பி மாணவர் சேர்க்கையைத் திட்டமிடும் பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டில் ஏறத்தாழ 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதை அடுத்து வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த எண்ணிக்கை மீளவே இல்லை; 2020இல் அது 36 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. 2007இல் பிறந்தவர்கள் 2025இல் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டார்கள் என்பதால், கல்லூரியில் சேரும் வயதுடையோரின் எண்ணிக்கை இனி வரும் ஆண்டுகளில் குறையும் என்பது ஊகமல்ல. பிறப்புப் பதிவேட்டிலேயே இருக்கும் கணக்கு. பெயர்பெற்ற பழைய பல்கலைக்கழகங்களை இது அதிகம் அசைக்காது. பத்தாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் மாணவர்கள் படிக்கும், தேசிய அளவில் பெயர் தெரியாத நடுத்தரப் பல்கலைக்கழகங்களே இதில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றின் ஆட்சிக்குழுக் கூட்டங்களில் அடிக்கடி முன்வைக்கப்படும் மருந்து, கால்பந்து அணி. தலைக்கவசம் அணிந்து, இருமுனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் இங்கே குறிப்பிடுகிறேன். அணி இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்கலாம், இருக்கும் அணியை மேல்நிலைப் பிரிவுக்கு உயர்த்தலாம், அதற்கு வழியில்லையென்றால் மூடிவிட்டுப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று மூன்று யோசனைகள் சுற்றிச்சுற்றி வருகின்றன. மூன்றிலும் சறுக்குவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்து ஒரு விளம்பரச் செலவு. அதைத் தானே லாபம் ஈட்டும் தொழிலாகவோ, அடைத்தவுடன் பணம் மிஞ்சும் ஓட்டையாகவோ கணக்கெழுதுவதிலிருந்தே மற்றத் தவறுகள் கிளைக்கின்றன.

முதல் தவறு, விண்ணப்பத்தைச் சேர்க்கை என்று எண்ணிக்கொள்வது. 1984 நவம்பர் 23 அன்று மயாமி அணிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி வீச்சில், பாஸ்டன் காலேஜ் அணியின் டக் ஃப்ளூட்டி நெடுந்தொலைவுக்கு எறிந்த பந்து எல்லைக்குள் பிடிக்கப்பட்டு, ஆட்டம் 47–45 என்று முடிந்தது. அடுத்த இரு ஆண்டுகளில் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பங்கள் கூடியதால் ‘ஃப்ளூட்டி விளைவு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த வீச்சுக்கு முன்பே அங்கு விண்ணப்பங்கள் ஏறுமுகத்தில் இருந்தன என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விளைவு முற்றிலும் கற்பனை என்றும் சொல்ல முடியாது. டெவின் போப், ஜேரன் போப் என்ற பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கால்பந்திலும் கூடைப்பந்திலும் பெறும் பெருவெற்றி விண்ணப்பங்களை 2 முதல் 8 விழுக்காடு வரை கூட்டுவதாகக் கண்டார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் டக் சுங், சுமாரான அணி மிகச்சிறந்த அணியாக உயரும்போது அந்தக் கூடுதல் 18 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் என்று மதிப்பிட்டார். நுழைவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடமே இந்த ஈர்ப்பு வலுவாக இருப்பதையும் அதே ஆய்வில் காட்டினார்.

இந்த எண்களோடு சேர்க்கை அலுவலகத்தின் மேசைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பத்தாயிரம் விண்ணப்பங்கள் வருகின்றன, அவர்களில் இரண்டாயிரம் பேர் பணம் கட்டிச் சேர்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வோம். அணி வென்ற ஆண்டில் விண்ணப்பங்கள் ஐந்து விழுக்காடு கூடினால் ஐந்நூறு பேர் கூடுதலாக விண்ணப்பித்திருப்பார்கள். பழைய விகிதப்படியே அவர்களில் நூறு பேர் சேர வேண்டும். ஆனால் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துவிட்டுப் பத்தோடு பதினொன்றாக விண்ணப்பம் போட்டவர், அந்த ஊரையும் அந்தத் துறையையும் விரும்பி விண்ணப்பித்தவரின் விகிதத்தில் வந்து சேருவதில்லை. சேர்பவர்களிலும் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பாதவர்களைக் கழித்தால் மிஞ்சும் தொகை, தலைமைப் பயிற்சியாளரின் சம்பளத்துக்குப் போதுமா என்பதே ஐயம். புதிதாக அணி தொடங்கிய கல்லூரிகளைப் பற்றி ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: தொடக்கத்தில் சேர்க்கை ஒரு துள்ளு துள்ளுகிறது, சில ஆண்டுகளில், அணி தொடங்காத ஒத்த கல்லூரிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாத அளவுக்கு அது அடங்கிவிடுகிறது. எனவே அணிக்காகச் செலவிடக் கேட்பவர்களிடம் விண்ணப்ப எண்ணிக்கையைக் கேட்காமல், இரண்டாம் ஆண்டு வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பதே சரி.

அணியின் செலவை யார் தருகிறார்கள் என்பதை மறைத்து வைப்பது அடுத்த தவறு. பெரிய பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் நுழைவுச்சீட்டும் படியளக்கின்றன. நடுத்தரப் பல்கலைக்கழகங்களில் அந்த இடத்தை மாணவர் கட்டணமும் பொதுநிதியிலிருந்து மாற்றப்படும் தொகையும் நிரப்புகின்றன. இருபதாயிரம் மாணவர்களிடம் ஆண்டுக்கு 800 டாலர் விளையாட்டுக் கட்டணமாக வாங்கினால் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலர் திரண்டுவிடும்; கட்டணச் சீட்டில் அது ‘பொதுக் கட்டணம்’ என்ற ஒரே வரியில் நூலகத்தோடும் உடல்நல நிலையத்தோடும் கலந்து நிற்கும். வேலைக்குப் போய்க்கொண்டே மாலை வகுப்பில் படிக்கும், ஓர் ஆட்டத்தையும் பார்த்திராத மாணவியும் அதைக் கட்டுகிறார். கடன் வாங்கிப் படிப்பவரென்றால் வட்டியோடு கட்டுகிறார். வர்ஜீனியா மாநிலம் 2015இல் சட்டம் இயற்றி, விளையாட்டுத் துறையின் வருவாயில் மாணவர் கட்டணமும் பல்கலைக்கழக உதவியும் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று பிரிவுவாரியாக வரம்பு கட்டியது. பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஆடுவதற்காகக் கூட்டாக அமைத்துக்கொள்ளும் குழுமங்களில், தொலைக்காட்சிப் பணத்தில் மிதக்கும் பெரிய குழுமங்களின் பல்கலைக்கழகங்களுக்கு அந்த வரம்பு 20 விழுக்காடு. மேல்நிலைப் பிரிவின் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு 55. அதற்கு அடுத்த பிரிவுக்கு 70. சட்டமே எழுபது விழுக்காட்டை அனுமதிக்கும் ஒன்றை, தன் காலில் நிற்கும் தொழில் என்று ஆட்சிக்குழுவிடம் சொல்லும் துணிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

இடத்தைப் பாராமல் திட்டமிடுவதும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் இப்ஸிலான்டி ஊரில் இருக்கிறது கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம். அதன் அரங்கில் முப்பதாயிரம் பேர் அமரலாம். அங்கிருந்து கார் ஏறினால் சிறிது நேரத்தில் ஆன் ஆர்பரில், ஒரு லட்சத்து ஏழாயிரம் இருக்கைகள் கொண்ட மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கம் வந்துவிடும். சனிக்கிழமை பிற்பகலில் அந்த வட்டாரத்தின் கால்பந்து ரசிகர் எந்தப் பக்கம் போவார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. இந்த அணி ஆடும் மிட்-அமெரிக்கன் குழுமம், பெரிய அணிகளின் ஒளிபரப்போடு மோதாமல் தொலைக்காட்சியில் இடம்பிடிப்பதற்காக நவம்பர் மாத ஆட்டங்களைச் செவ்வாய், புதன் இரவுகளுக்கு மாற்றிக்கொண்டது. நாடு முழுவதும் ஒளிபரப்பாகிறது என்ற பெருமை கிடைத்தது. மறுநாள் காலை வகுப்பு இருக்கும் மாணவர்கள் உறைகுளிரில் இரவு பதினொன்று வரை உட்கார மாட்டார்கள் என்பதால், அந்த ஒளிபரப்பில் நாடு முழுவதும் பார்ப்பது வெற்று இருக்கைகளைத்தான். பல்கலைக்கழகத்தை விளம்பரப்படுத்த எடுத்த படத்தில் ஆளே இல்லாத அரங்கம் தெரிவது நல்ல விளம்பரமா என்பதைச் சேர்க்கை அலுவலர்கள்தான் சொல்ல வேண்டும். 2016இல் இப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் கால்பந்துக்குப் போகும் பணத்தைக் கேள்வி கேட்டபோதும் நிர்வாகம் அணியை விடவில்லை.

அங்கேயே 2018இல் இன்னொரு தவறும் நேர்ந்தது. செலவைக் குறைப்பதற்காகக் கால்பந்தைத் தொடாமல், மல்யுத்தம், ஆண்கள் நீச்சல், பெண்கள் டென்னிஸ், சாஃப்ட்பால் ஆகிய நான்கு அணிகளைக் கலைத்தார்கள். கல்வி நிலையங்களில் பால்வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ‘டைட்டில் நைன்’ சட்டத்தின் கீழ் வீராங்கனைகள் வழக்குத் தொடுத்தார்கள். கலைத்த பெண்கள் அணிகளை மீட்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. நூறுக்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்ட அணி ஒன்றை வைத்திருக்கும்வரை, பெண்களுக்கான விளையாட்டு இடங்களைக் குறைத்துச் சிக்கனம் செய்வது ஏறக்குறைய முடியாத காரியம். கால்பந்தைத் தொடங்கும் திட்ட மதிப்பீட்டில் பெண்கள் அணிகளின் செலவைச் சேர்க்காதவர்கள் பாதிச் செலவைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

தகுதிக்கு மீறி மேல்நிலைப் பிரிவைப் பிடித்துத் தொங்குவதற்கு ஐடஹோ பல்கலைக்கழகத்தின் அனுபவம் நல்ல பாடம். 1996இல் மேல்நிலைப் பிரிவுக்குச் சென்ற அந்தப் பல்கலைக்கழகம், மாஸ்கோ என்ற சிற்றூரில், பதினாறாயிரம் பேர் மட்டுமே அமரக்கூடிய உள்ளரங்கில் ஆடியது. வடமேற்கு மூலையிலிருந்த அந்த அணி ஒரு கட்டத்தில் நாட்டின் தென்பகுதியைச் சேர்ந்த சன் பெல்ட் குழுமத்தில் இடம்பெற்று, லூயிசியானாவுக்கும் அலபாமாவுக்கும் விமானத்தில் பறந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று 2016இல் குழுமம் கைவிரித்தபோது, பல்கலைக்கழகத் தலைவர் சக் ஸ்டேபன், மேல்நிலைப் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்குத் தானாகவே இறங்கும் முடிவை அறிவித்தார். அப்படி இறங்கிய முதல் பல்கலைக்கழகம் அதுதான். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். போதாக்குறைக்கு அந்தப் பருவத்திலேயே அணி, பருவம் முடிந்ததும் நடக்கும் ‘பவுல்’ என்ற சிறப்பு ஆட்டம் உட்பட ஒன்பது ஆட்டங்களில் வென்றது. முடிவு மாறவில்லை. 2018 முதல் பிக் ஸ்கை குழுமத்தில், சாலை வழியாகவே போய்வரக்கூடிய பழைய போட்டியாளர்களோடு அது ஆடுகிறது. இதைத் தோல்வி என்பவர்களோடு நான் உடன்படவில்லை. எதிரணியின் ரசிகர்கள் காரோட்டி வரக்கூடிய குழுமத்தில் ஆடுவதே உள்ளூர் மாணவர்களுக்கு ஆட்டத்தைத் தங்களுடையதாக ஆக்குகிறது. ஏறிப் பார்க்க விரும்புவோருக்கு இப்போது வாசலிலேயே தடை இருக்கிறது: மேல்நிலைப் பிரிவில் நுழைவதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 5,000 டாலரிலிருந்து 50 லட்சம் டாலராக 2023இல் உயர்த்திவிட்டார்கள்.

ஒரு நாள் வெற்றியைக் கொள்கையாக்குவதும் தவறே, அந்த வெற்றி எவ்வளவு இனித்தாலும். 2007 செப்டம்பர் 1 அன்று, வட கரோலினாவின் மலையூரான பூனிலிருந்து வந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணி, கீழ்ப் பிரிவில் இருந்துகொண்டே மிச்சிகனை அதன் சொந்த அரங்கில் 34–32 என்று வீழ்த்தியது. தோற்பதற்கென்றே அழைத்து மிச்சிகன் கொடுத்த தொகை நான்கு லட்சம் டாலர். 2022இல் இதே அணி பதினைந்து லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 17–14 என்று வென்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் மேல்நிலைப் பிரிவுக்கும் உயர்ந்தது. மாணவர் எண்ணிக்கையும் வளர்ந்தது. இவற்றைப் படித்துவிட்டு இதையே செய்வோம் என்று கிளம்புகிறவர்கள், அந்த மாநிலத்தின் மக்கள்தொகை வேகமாகப் பெருகிவந்ததையும், 2007க்கு முந்தைய இரு ஆண்டுகளும் அந்த அணி தன் பிரிவில் தேசிய சாம்பியனாக இருந்ததையும் பார்ப்பதில்லை. வென்ற பயிற்சியாளர் நிற்பதும் இல்லை. 2018 டிசம்பரில் ஸ்காட் சாட்டர்ஃபீல்டு லூயிவில்லுக்குப் போனார். அவருக்குப் பின் வந்த ஈலை டிரிங்க்விட்ஸ் ஒரே ஒரு பருவம் வென்று காட்டிவிட்டு மிசூரிக்குப் போனார்.

மூடுவதில் நேரும் தவறுகளை அலபாமா-பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் ஒரே ஆறு மாதத்தில் எல்லாருக்கும் காட்டிவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகப் பவுல் ஆட்டத்துக்கு அணி தகுதிபெற்றிருந்த வேளையில், 2014 டிசம்பர் 2 அன்று, தலைவர் ரே வாட்ஸ் கால்பந்தையும் பவுலிங், துப்பாக்கி சுடுதல் ஆகியவற்றையும் நிறுத்துவதாக அறிவித்தார். விளையாட்டுத் துறையின் ஏறத்தாழ மூன்று கோடி டாலர் செலவில் இரண்டு கோடியைப் பல்கலைக்கழகமே தருகிறது, அணியைத் தொடர்ந்தால் ஐந்தாண்டில் இன்னும் 4.9 கோடி வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். எண்கள் அச்சமூட்டின. ஆனால் விளையாட்டுப் பொருளியலாளர்கள் தயாரித்த மற்றோர் அறிக்கை அந்தக் கணக்கையே மறுத்தது. வீரர்களின் உதவித்தொகையை அறிவிக்கப்பட்ட முழுக் கல்விக் கட்டண மதிப்பில் செலவாக எழுதுவது வழக்கம். வகுப்பறையில் இடம் காலியாக இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரைக் கூடுதலாக உட்காரவைக்க உண்மையில் ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு. ஒரு துறையின் பையிலிருந்து இன்னொரு துறையின் பைக்குப் போகும் பணத்தை நட்டம் என்று எழுதினால், மூடிய பிறகு மிஞ்சும் என்று எதிர்பார்த்த தொகை மிஞ்சாது. இடங்கள் நிரம்பி வழியும் பல்கலைக்கழகத்தில் இந்த வாதம் செல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வகுப்பறையில் எத்தனை இருக்கை காலி என்பதை.

பர்மிங்ஹாமில் கணக்கைவிடப் பெரிய தவறு, நன்கொடையாளர்களிடமும் நகர மன்றத்திடமும் முன்கூட்டிப் பேசாமல் முடிவெடுத்தது. பணம் தரக்கூடியவர்களைக் கேட்காமலே பணமில்லை என்று அறிவித்தார்கள். கொந்தளித்த ஊர் கோடிக்கணக்கில் உறுதிமொழி திரட்டியது. 2015 ஜூன் 1 அன்று முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வீரர்கள் பலர் வேறு அணிகளுக்குப் போயிருந்தார்கள், இரண்டு பருவங்கள் ஆட்டமே இல்லை. 2017இல் பில் கிளார்க்கின் பயிற்சியில் மீண்டு வந்த அணி எட்டு ஆட்டங்களில் வென்றது, அடுத்த ஆண்டு தன் குழுமத்தின் சாம்பியன் ஆனது. மாறாக, 2009இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் கால்பந்தை விட்ட பிறகு அதற்கு வரும் விண்ணப்பங்கள் பெருகி ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கின்றன. அதற்குக் காரணம் பாஸ்டன் நகரமும், படிப்போடு மாதக்கணக்கில் வேலைப் பயிற்சி தரும் அதன் பாடத்திட்டமும்; கால்பந்து போனதல்ல. அதே ஆண்டில் அணியைக் கலைத்த ஹாஃப்ஸ்ட்ராவுக்கு அத்தகைய ஏற்றம் வாய்க்கவில்லை.

பழைய செலவுக் கணக்கை வைத்துக்கொண்டு புதிய பத்தாண்டைத் திட்டமிடுவதுதான் இன்று நடந்துகொண்டிருக்கும் தவறு. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் விற்றுச் சம்பாதிக்கலாம். அதே ஆண்டிலிருந்து ஒரு பருவம் காத்திராமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறவும் செய்யலாம். நடுத்தரப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வளர்த்தெடுத்த வீரரை மூன்றாம் ஆண்டில் பெரிய பல்கலைக்கழகம் கூட்டிக்கொண்டு போகிறது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட, வீரர்கள் தங்களுக்குரிய பங்கைக் கேட்டுத் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். அந்த ஏற்பாட்டில் சேர்வதும் சேராததும் நடுத்தரப் பல்கலைக்கழகங்களின் விருப்பம். ஆனால் முன்னாள் வீரர்களுக்குப் பத்தாண்டுகளில் தர ஒப்புக்கொண்ட ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீட்டில் ஒரு பங்குக்காக, மேலே சொன்ன இரு பிரிவுகளையும் உள்ளடக்கிய முதற்பிரிவின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்திடமிருந்து ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த பங்குத்தொகை குறைக்கப்படுகிறது. கால்பந்து அணியே இல்லாதவற்றுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. அந்தப் பள்ளத்தை மாணவர் கட்டணத்தைக் கூட்டி நிரப்ப நினைக்கும் நிர்வாகம், எந்த மாணவர்களைச் சேர்ப்பதற்காக அணியை வைத்திருக்கிறதோ அவர்களிடமே அந்தக் கட்டணச் சீட்டை நீட்ட வேண்டியிருக்கும்.