ஏப்ரலில் தோரோங் லா: மலை தாண்டி முக்திநாத்துக்கு

தமிழ்நாட்டிலிருந்து நேபாளத்தில் உள்ள முக்திநாத் போகிறவர்கள் பெரும்பாலும் ஜோம்சோமில் இறங்கி ஜீப் பிடித்து, திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் வணங்கும் அந்தத் திவ்ய தேசத்தைச் சேவித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். கோயிலுக்குக் கிழக்கே நிற்கும் மலைச்சுவரின் மேல் ஒரு கணவாய் இருக்கிறது. தோரோங் லா, 5,416 மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் மனாங் பள்ளத்தாக்கு. அங்கிருந்து முதுகுப்பையோடு ஏறி, கணவாயைத் தாண்டி, கோயில் வாசலில் வந்து இறங்கலாம். கயிறு, கோடரி எதுவும் வேண்டாம். பொறுமையும் கடிகாரமும் வேண்டும்.

ஏப்ரல் இரண்டாம், மூன்றாம் வாரம்தான் எங்கள் தேர்வு. மார்ச்சில் கணவாய்ப் பனி முழங்கால்வரை இருக்கலாம். மே மாதம் பிற்பகல் மேகமும் இடியும் கூடிவிடும். அதோடு மே நமக்குத் தெரிந்த புயல் காலம். வங்கக்கடலில் உருவாகும் புயலுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் இரண்டு நாள் கழித்து இங்கே பனிப்புயலாகக் கொட்டியது. கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் மனாங்கிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

திசை எப்போதும் கிழக்கிலிருந்து மேற்கு. முக்திநாத் பக்கமிருந்து ஏறினால் ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், உடம்பும் உயரத்துக்குப் பழகியிருக்காது.

காத்மாண்டுவிலிருந்து பெசிசஹருக்குப் பேருந்து, மறுநாள் சாமே (2,670 மீட்டர்) வரை ஜீப். அதே சாலை மனாங் வரை போகிறது, ஜீப்காரர் அங்கேயே கொண்டுபோய் விடுகிறேன் என்பார். ஏறாதீர்கள். 800 மீட்டரில் காலை டீ குடித்துவிட்டு 3,500 மீட்டரில் படுத்தால், மறுநாள் தலைவலியும் வாந்தியுமாகத்தான் விடியும். சாமேயிலிருந்து நடை: மேல் பிசாங் (3,300), அடுத்த நாள் க்யாரு வழியாக ஙாவல் (3,660), அதற்கடுத்து மனாங் (3,540). ஆற்றோரச் சாலையில் போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். ஆனால் மேல்பாதையில் பகலில் உயரம் தொட்டு, இரவில் சற்று இறங்கித் தூங்குகிறீர்கள். உடம்பு பழகுவது இப்படித்தான்.

மனாங்கில் இரண்டு இரவு கட்டாயம். நடுவில் உள்ள நாளை ஓய்வு என்று படுத்துக் கழிக்காமல், ஐஸ் லேக் பாதையில் (ஏரி 4,600 மீட்டர்) முடிந்த அளவு ஏறி இறங்குங்கள். பாதி தூரம் போனாலும் போதும். இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ மையம் இங்கே வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இயங்குகிறது. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோய் பற்றி அவர்கள் நடத்தும் விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. அதனால் அடுத்தது யாக் கார்கா (4,050), அதற்கடுத்து தோரோங் ஃபேதி (சுமார் 4,450). ஃபேதிக்கு முன்னால் ஒரு சரிவில் கல் உருளும். மேலே மேயும் காட்டாடுகளும் கல்லைத் தட்டிவிடும். காலையிலேயே, நின்று படம் எடுக்காமல், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும். ஃபேதிக்கு மேலே ஹை கேம்ப் (சுமார் 4,850) இருக்கிறது. அங்கே தங்கினால் மறுநாள் ஒரு மணி நேரம் மிச்சம் என்பார்கள். மிச்சமாவது நேரம், கெடுவது தூக்கம். ஃபேதியே நல்லது.

லேசான தலைவலி வந்தால் அங்கேயே நில்லுங்கள், ஏறாதீர்கள். ஒரு நாளில் சரியாகாவிட்டால் இறங்குங்கள். உடம்பு சரியில்லாதவரை, தரையில் ஒரு நேர்கோட்டை நினைத்துக்கொண்டு, குதிகாலைக் கட்டைவிரலோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்க ஆரம்பித்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உடனே கீழே இறங்குவது, நடு இரவானாலும். தனியாக அனுப்பக்கூடாது. மலைநோயைத் தடுக்க எடுக்கும் மாத்திரை டயமாக்ஸ்; 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை என்பது வழக்கமான தடுப்பு அளவு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே டாக்டரைக் கேட்க வேண்டும். விரல் மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அந்த மாத்திரையின் வேலை, பயப்பட வேண்டாம். பூண்டு சூப் மலைநோயைத் தடுக்கும் என்று ஒவ்வொரு விடுதியிலும் சொல்வார்கள். சூடாக இருப்பதால் குடியுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

பை 9 கிலோவைத் தாண்டக்கூடாது. மைனஸ் 10 தாங்கும் தூக்கப்பை, உள்ளே அணியத் தெர்மல் இரண்டு ஜோடி, இறகு ஜாக்கெட், காற்று புகாத மேல்சட்டை. பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் நடுங்க வைக்கும். மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் தடித்தது ஒன்று. பனிக்கண்ணாடி இல்லாமல் கணவாய் ஏறாதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அன்று மாலையே கண்ணில் மணல் போட்டதுபோல் உறுத்தும். காலணியில் மாட்டும் பல் சங்கிலியை, மைக்ரோஸ்பைக் என்று காத்மாண்டு தாமேலில் கேட்டால் கிடைக்கும், கணவாய் ஏறுவதற்கு முந்தின நாள் மாலையே விடுதியில் மாட்டிப் பழகுங்கள். ரப்பர் வளையத்தை முன்பக்கம் மாட்டி, பிறகு குதிகாலில் இழுக்க வேண்டும். விடியற்காலை இருட்டில், மரத்த விரலோடு இதைக் கற்றுக்கொள்ள முடியாது. சாமேக்கு மேலே ஏடிஎம்மை நம்பாமல் நேபாள ரூபாயாகவே கையில் வைத்திருங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிச் சீட்டில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டினருக்குக் கட்டணம் குறைவு. வழிகாட்டி கட்டாயம் என்று 2023 ஏப்ரலில் விதி வந்திருக்கிறது.

கணவாய் நாளில் 3:30-க்கு எழுந்து 4:30-க்குக் கிளம்ப வேண்டும். இரவு உறைந்த பனி அப்போது கெட்டியாக இருக்கும். பத்து மணிக்கு மேல் இளகிக் கால் புதையும், காற்றும் வலுக்கும். தண்ணீர்ப் பாட்டிலைப் பையில் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேல்பக்கம்தான் கட்டும், அப்போது மூடிப் பக்கம் திறந்திருக்கும். தண்ணீர்ப்பையின் உறிஞ்சு குழாய் அரை மணியில் உறைந்துவிடும். ஹை கேம்ப் வரை செங்குத்தான வளைவுகள், அதன் பிறகு பக்கவாட்டுச் சரிவு. ஸ்பைக்கை அங்கே காலணியில் மாட்டிக்கொள்ளுங்கள். முந்தைய நாள் புதுப்பனி கொட்டியிருந்தால் அந்தச் சரிவில் பனிச்சரிவு வரலாம், ஒரு நாளாவது பொறுங்கள். பிறகு இதோ உச்சி என்று தோன்றும் மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எதையும் நம்பாமல், பேச முடிகிற வேகத்தில் நடங்கள். பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

ஆள் விழுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான். 1,600 மீட்டர் இறக்கம், மேற்குச் சரிவில் வெயில் தாமதமாக விழுவதால் பனி கண்ணாடியாக இருக்கும். ஸ்பைக்கைக் கழற்றாதீர்கள். கைத்தடி இரண்டையும் சற்று நீளமாக்கி முன்னால் ஊன்றி, முழங்காலை மடக்கிக் குட்டி அடி வையுங்கள். இதற்குப் பயிற்சி சமதளக் கிரிவலம் அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் வெள்ளியங்கிரியை இரண்டு முறை பையோடு ஏறி இறங்கினால் தொடை தயாராகிவிடும். சாராபு டீக்கடைகளுக்கு வந்ததும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், அங்கிருந்து முக்திநாத் இரண்டு, மூன்று மணி நேரம்.

கோயிலின் 108 தாரைகளில் நீராட வேண்டும் என்று அன்று மாலையே ஓடாதீர்கள். பனி உருகிய தண்ணீர் அது, உடம்பு களைத்து வெப்பம் குறைந்திருக்கும் நேரம். மறுநாள் வெயில் ஏறியபின், உலர்ந்த துணியைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். அதன்பின் கீழே போகும் ஜீப்பைக் காலை பதினொன்றுக்குள் பிடித்துவிட்டால், காக்பேனி பக்கத்துப் புழுதிக்காற்றை வண்டிக்குள் இருந்தே பார்க்கலாம்.