டாட்சன் 280இசட் கியர்பாக்ஸ்: கையால் சுற்றியே அடையாளம் காணலாம்
கழித்துப் போட்ட டாட்சன் இசட் கார்களிலிருந்து வரும் எஃப்எஸ்5டபிள்யூ71பி என்ற ஐந்து கியர் பெட்டிகள் வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். விற்பவர் சொல்லும் வருடத்தை நான் நம்புவதில்லை. பல் விகிதத்தை, அதாவது வெளியே ஒரு சுற்று வர உள்ளே எத்தனை சுற்று என்பதை, கையாலேயே எண்ணிவிடலாம்.

பின்னால் ஒரு யோக்கை (டிரைவ் ஷாஃப்டை இணைக்கும் துண்டு) செருகி, அதிலும் என்ஜின் பக்கத்து இன்புட் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஐந்தாவது கியரில் இன்புட்டை 10 சுற்று சுற்றுங்கள். யோக் பதினொன்றரைச் சுற்று வந்தால் விகிதம் 0.864, அதாவது 1977–78 280இசட் பெட்டி. பதிமூன்றரையை நெருங்கினால் 0.745, அது 1981–83 காலத்து, டர்போ இல்லாத 280இசட்எக்ஸ். முதல் கியரிலும் உறுதி செய்யுங்கள்: யோக்கின் ஒரு சுற்றுக்கு முன்னதில் இன்புட் 3.321 சுற்று, பின்னதில் 3.062. அந்தக் கால் சுற்று கண்ணுக்கே தெரியும். நான்காவது எல்லாவற்றிலும் 1:1, அதை எண்ணிப் பயனில்லை.

பலர் கோட்டைவிடுவது ரிலீஸ் பேரிங் காலரில்தான் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்கைத் தாங்கும் வளையம்). அது பல உயரங்களில் வரும். பெட்டியோடு வந்த காலரை அப்படியே மாட்டாதீர்கள். உங்கள் பிரஷர் பிளேட்டுக்கு (கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிப்பது) உரியதையே போடுங்கள். உயரம் குறைந்தால் பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் விடாது, கூடினால் வழுக்கும்.

காசு கொடுக்கும் முன் ஆயிலை வடித்துப் பாருங்கள். பித்தளைப் பொடி மினுங்கினால், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரும்புச் சில்லு வந்தால் அந்தப் பெட்டியே வேண்டாம்.