நாயை வரைய: முடிக்கு முன் கண்

நாய்ப் படம் பொம்மை மாதிரி ஆகிவிட்டால் பழி பெரும்பாலும் முடியின் மேல் விழும். தப்பு இருப்பது மண்டை அமைப்பிலும் கண்ணிலும். முடி போடும் ஆசையைக் கடைசி வரை அடக்கி வையுங்கள்.

ஹெச்பி பென்சிலால் அழுத்தாமல் மண்டைக்கு ஒரு வட்டம், அதன் முன்னே, மூக்கும் வாயும் நீண்டு நிற்கும் மூஞ்சிக்கு ஒரு பெட்டி. பிறகு முகத்தின் நடுக்கோடும் கண்கோடும். தலை திரும்பியிருந்தால் நடுக்கோடு உருண்டையைத் தழுவி வளைய வேண்டும். இல்லையேல் மூக்கும் நெற்றியும் ஒட்டாது. முழு உடல் வரைந்தால் பின்னங்கால்தான் காலை வாரும். பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டு முழங்கால் அல்ல, குதிகால். நாய் விரல்களில் நடக்கிறது. அசல் முழங்கால் மேலே, அடிவயிற்றை ஒட்டி இருக்கிறது.

இனி கண். நேரத்தைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஒளிப்புள்ளியைக் காகித வெள்ளையாகவே விடுங்கள், இரு கண்ணிலும் ஒரே பக்கத்தில். கண்ணின் நடுவிலுள்ள பாப்பாவையும் இமை விளிம்பையும் 6பி பென்சில் கொண்டு (பி எண் கூடக்கூடக் கறுப்பு கூடும்) கறுப்பாக்குங்கள். பாப்பாவைச் சுற்றியுள்ள கருவிழியின் மேல்பகுதியில் இமை நிழல் விழும். ஒளிப்புள்ளிக்கு எதிரே கீழ்ப்பகுதியை வெளிற விட்டால் விழி உருண்டு நிற்கும். மனிதக் கண் போல இருபுறமும் வெள்ளை காட்டினால் நாய் மிரண்டுபோய்த் தெரியும். புருவத்தின் உள்முனையைத் துளி உயர்த்தினால் கெஞ்சல் வந்துவிடும். காது முன்னே வந்தால் கவனம், தலையோடு ஒட்டிப் பின்னே போனால் பயம். சிரிக்க வைக்கிறேன் என்று வாயை மட்டும் விரித்தால் ஒன்றும் நடக்காது.

மூக்குக்குக் கறுப்பு வரம்பு கட்ட வேண்டாம். நாசித்துளை காற்புள்ளி வடிவில் பக்கவாட்டில் கீறலாக முடியும். மேல்பரப்பில் பொடிப் புள்ளிகள் போதும்.

முடி மூக்கருகே தொடங்கி நெற்றி, கன்னம் என்று பின்னோக்கிப் போகும். மூக்குத்தண்டில் புள்ளி அளவு, கழுத்தில் நீளம். வேரில் அழுத்தி, நுனியில் பென்சிலைத் தூக்கிவிடுங்கள். முதலில் வெளிறிய கோடு தரும் 2ஹெச், மேலே 2பி, கற்றைகளின் இடுக்கில் மட்டும் 4பி. எல்லாக் கோடும் ஒரே நீளமானால் துடைப்பம்தான்.

வெள்ளை மீசைக்கு, நிழல் தீட்டும் முன்பே மை தீர்ந்த பேனாவால் காகிதத்தில் பள்ளம் கீறுங்கள். பிறகு பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் பள்ளம் வெள்ளையாக நிற்கும். நிமிர்த்திப் பிடித்தால் கூர்முனை உள்ளே இறங்கிப் பள்ளத்தை நிரப்பிவிடும். வெள்ளை நாய்க்கு விளிம்புக்கோடே வேண்டாம், பின்னணியை இருட்டாக்கி உருவத்தை வெளியே எடுங்கள்.